கூரையில் பதித்த விளக்குகள்

அற்புதசாமி திருச்சி புத்தூரில் சொந்த வீடு கட்டி முடித்தது எண்பத்து நாலாம் வருஷம். கைலாசபுரம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஆயுசில் பாதியை டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் கழித்தவர். அங்கே எல்லா வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே கதவு, ஹாலின் நடுவே ஒரே மாதிரி டியூப் லைட். அதனால் தன் வீட்டின் ஒவ்வொரு சாமானையும், ஜன்னல் கொக்கி வரைக்கும், தானே நேரில் பார்த்துத்தான் வாங்குவது என்று வைத்திருந்தார். மனைவி வியாகுலம்மாளையோ மகள்களையோ அவர் எதற்கும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர், பூச்சு வேலை முடிந்த ஒரு சனிக்கிழமை காலையில் மூத்த மகள் அக்னஸைக் கூப்பிட்டு, "ஹாலுக்கு லைட் பார்க்கப் போறேன், நீயும் வாம்மா" என்றபோது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்னஸுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஸ்ரீரங்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய இடது தாடைக்குக் கீழே மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. தேமல் என்றார்கள். தேமலுக்கான மருந்துக்கு அது அசையவில்லை. வளர்ந்து தாடை விளிம்பைத் தொட்டு, கழுத்தில் இறங்கி, காதுக்குப் பின்னால் போய் நின்றது. "இது ஒட்டுற வியாதி இல்லைங்க. தோல்ல நிறம் போகுது, அவ்வளவுதான்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்த 'அவ்வளவுதான்' ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வரவில்லை. வெளியே ஜனங்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான் கொஞ்சம் பரவாயில்லை. "டீச்சர், கழுத்துல சாக்பீஸ் ஒட்டியிருக்கு" என்று முதல் வாரம் சொல்வார்கள். அப்புறம் மறந்துவிடுவார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் மறக்கவில்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து வந்த அம்மாள், காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, அக்னஸின் மோவாயைப் பிடித்து டியூப் லைட்டை நோக்கித் திருப்பினாள். சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பதுபோல. அவர்கள் போன பிறகு அற்புதசாமி வெகுநேரம் அந்த டியூப் லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன யோசித்தார் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

பெரிய கடைவீதியில் தாஜுதீனின் எலெக்ட்ரிகல் கடை. வீட்டு வயரிங் சாமான் முழுக்க அங்கேதான் வாங்கியிருந்தார்கள். "வாங்க சார், வாங்கம்மா" என்று தாஜுதீன் எழுந்து வந்தார். அற்புதசாமி தனக்கு வேண்டியதை விளக்கினார். தொழிற்சாலையில் வெளிநாட்டு இன்ஜினியர்கள் தங்கும் கட்டிடத்துக் கூடத்தில் பார்த்திருக்கிறார்: விளக்கு கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். கான்கிரீட்டுக்குக் கீழே மரப்பலகையில் இன்னொரு கூரை, அதில் வட்ட வட்டமாகத் துளை, துளைக்குள் பல்பு.

"டவுன் லைட் சொல்றீங்க. மெட்ராஸ் பார்ட்டிங்கதான் சார் கேப்பாங்க. திருச்சியில இப்பதான் ஒண்ணு ரெண்டு வீட்டுல போடுறாங்க. மாடிக்கு வாங்க, மாட்டியே வச்சிருக்கேன்."

மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. பலகைக் கூரையில் விதவிதமான விளக்குகளைப் பதித்து, சுவரில் வரிசையாக ஸ்விட்ச் வைத்திருந்தார். அலுமினியக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்தவை, முன்னால் தேய்த்த கண்ணாடி போட்டவை, கழுத்தைத் திருப்பி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குறிவைக்கக்கூடிய ஸ்பாட் லைட்டுகள். தாஜுதீன் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். அக்னஸுக்கு நாடக மேடைக்கு வந்துவிட்டதுபோல இருந்தது.

"நீ போய் அதுக்குக் கீழ நில்லும்மா" என்றார் அப்பா.

உயரம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றாள்.

"கொஞ்சம் பின்னால. ஆங். தலையை நிமித்து. இப்பக் குனி."

தாஜுதீன் அடுத்த ஸ்விட்சைத் தட்டினார். முகத்தில் சூடாக வெளிச்சம் விழுந்தது.

"இடது பக்கம் தெரியத் திரும்பு" என்றார் அப்பா.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை, தாடைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்து, இரும்பு வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பவரைப்போல. தாஜுதீனுக்கும் அந்த நேரத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். "கீழ போன் அடிக்குது போலிருக்கு, நீங்க பாத்துட்டு இருங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். போன் எதுவும் அடிக்கவில்லை.

அக்னஸுக்குக் காது மடல்கள் எரிந்தன. அந்த இடத்தை விட்டு இறங்கிப் போய், பஸ் பிடித்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவளுக்கும் ஒரு வீடு வேண்டியிருந்தது, புருஷன் வேண்டியிருந்தது, தன் பிள்ளைக்குத் தலை சீவிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டியிருந்தது. அதோடு, தன் முகம் எந்த வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்பது உலகத்தில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. காலை பஸ்ஸில் காவேரிப் பாலத்தின்மேல் அடிக்கும் வெயிலில் எப்படி, வகுப்பறையில் எப்படி, கோயிலில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் எப்படி என்று எல்லாம் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

"இது வேணாம்ப்பா" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "கண்ணாடி பல்பு வெட்டு வெட்டா விழுது. பால் பல்பு போடச் சொல்லுங்க. அறுபது வாட்ஸ் வேணாம், நாப்பது போதும்."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு தானே போய் ஸ்விட்சைத் தட்டினார்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். எதிரே இருந்து வரும் வெளிச்சம் ஆகாது, பக்கத்திலிருந்து வருவது அதைவிட ஆகாது. நேர் உச்சியிலிருந்து இறங்கினால் மோவாயின் நிழல் கழுத்தில் விழும், அந்த நிழலுக்குள் எல்லாம் அடங்கிவிடும். மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளையும் மஞ்சளாகி, பக்கத்துத் தோலோடு கலந்துவிடும். அப்பா தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: வந்தவர்கள் உட்காரும் சோபாவுக்கு மேலே வெளிச்சம் கூடுதலாக இருக்க வேண்டும், பிரகாசத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மங்கலில் இருப்பவர் முகம் சரியாகத் தெரியாது. எதிர்ச் சுவரில் மாட்டப்போகும் இருதய ஆண்டவர் படத்தின்மேல் ஒரு ஸ்பாட் லைட்டைத் திருப்பிவிட்டால் பார்வை தானாக அங்கே போகும்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "நல்லா செலக்ட் பண்ணே" என்றார். அவளும் தலையாட்டினாள்.

தச்சர்கள் வந்து கூரை அடித்தார்கள். ஜன்னல்களுக்குக் காப்பிப்பொடி நிறத்தில் தடித்த திரை வந்தது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்தார். ஹாலுக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, "ஓட்டல் மாதிரி இருக்கே" என்றார்கள். இளையவள் லூர்துராணி மட்டும் ஒருநாள் ஊசியில் நூல் கோக்க முடியாமல், "என்ன வெளக்கோ இது. கண்ணு போகுது" என்று தையல் துணியைச் சுருட்டிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். அவளுக்கு இருபத்து நாலு. அவளைக் கேட்டு வந்த இடங்களை எல்லாம், "மூத்தவளுக்கு முடிச்சுட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பிலோமின்ராஜுடைய வீட்டார் பெண் பார்க்க வந்தது தைமாதத்தில் ஒரு சாயங்காலம். மூன்று மணிக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அற்புதசாமி, தனக்கு ஷிப்ட் இருக்கிறது, ஆறுக்கு மேல் வந்தால் நல்லது என்று மாற்றினார். பிலோமின்ராஜ் பொன்மலையில் ரயில்வே ஆபீஸில் கிளார்க். தகப்பன் இல்லை. அம்மாவும் தாய்மாமனும் கூட வந்தார்கள்.

அக்னஸ் எங்கே உட்கார வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. இரண்டாவது விளக்குக்கு நேர் கீழே ஒரு பிரம்பு நாற்காலி. வியாகுலம்மாள் அவளுக்குக் கழுத்து ஏறிய ரவிக்கை தைத்திருந்தாள். அன்றைக்கு வோல்டேஜும் குறைவாக இருந்து, பல்புகள் எல்லாம் பழுத்த மாம்பழம்போல எரிந்தன. பிலோமின்ராஜின் அம்மா இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து, "எவ்வளவு தத்ரூபமா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். அப்பா எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது.

அப்பா எதிர்பார்க்காதது, அக்னஸுக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது. பேசுவதற்குக் கொஞ்ச நேரம் இருவரையும் ஹாலில் விட்டுவிட்டு மற்றவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, அவன் சங்கோஜப்பட்டுக்கொண்டு கேட்டான்.

"எந்த கிளாஸ் எடுக்கறீங்க?"

"அஞ்சாவது."

"பசங்க அடங்குவாங்களா?"

"அடங்கின மாதிரி இருப்பாங்க."

அவன் சிரித்தான். பெரிய சிரிப்பு இல்லை, ஆனால் உண்மையான சிரிப்பு. பிறகு கூரையைப் பார்த்து, "லைட்டெல்லாம் நல்லா இருக்கு. எங்க வீட்டுல எல்லாம் டியூப் லைட்தாங்க. படுத்துக்கிட்டே படிக்கிற பழக்கம் எனக்கு. உங்களுக்குத் தொந்தரவா இருக்குமோ என்னவோ" என்றான்.

அக்னஸ் குனிந்துகொண்டாள். அதை அவன் வெட்கம் என்று எடுத்துக்கொண்டான்.

இரண்டு நாளில் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். வெற்றிலை மாற்ற நாள் குறித்தாயிற்று. அதன்பிறகு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், கல்யாணம் என்று பூசையில் ஊர் அறியச் சொல்வார்கள். வீட்டில் எல்லாரும் சிரித்த முகமாக இருந்தார்கள். லூர்துராணி, அக்காவின் கல்யாணப் புடவைக்கு என்ன நிறம் என்று தினமும் ஒன்று சொன்னாள்.

அக்னஸ்தான் ராப்பகலாக அந்த டியூப் லைட்டை நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் படிக்கிறான், அவள் உள்ளே வருகிறாள், அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அந்த இடத்தில் நினைப்பு நின்றுவிடும். ஒருநாள் அம்மாவிடம் மெதுவாக, "அவருகிட்ட முன்னாடியே சொல்லிட்டா என்னம்மா?" என்று கேட்டாள். வியாகுலம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் திரும்பாமலே, "அப்பாவைக் கேளு" என்றாள். அவள் அப்பாவைக் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பொன்மலைக்கு பஸ் ஏறினாள்.

முகத்துக்குப் பவுடர்கூடப் போடவில்லை. ஆபீஸ் வாசலில் ஒருவரிடம் சொல்லி அனுப்பியதும் பிலோமின்ராஜ் வந்தான். அவளைப் பார்த்ததும் திகைத்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, "வெயில்ல நிக்கறீங்களே. அந்த வேப்பமரத்துக்குக் கீழ போயிடலாமா?" என்றான்.

"வேணாங்க. இங்கேயே நிக்கலாம்."

கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த புடவைத் தலைப்பை விலக்கி, இடது பக்கம் அவனுக்குத் தெரியத் திரும்பி நின்றாள். நடு மத்தியான வெயில். அவன் பார்த்தான். அவன் பார்க்கிறான் என்பது கழுத்தில் தெரிந்தது.

"எப்போலேருந்து?" என்றான் கடைசியில்.

"எட்டு வருஷமா இருக்கு. ஒட்டாது, டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா இன்னும் பரவினாலும் பரவும்."

"அன்னிக்குத் தெரியலையே."

"தெரியாத மாதிரிதான் லைட்டு போட்டோம். அப்பா மட்டும் இல்லைங்க. நானும் கூடப் போய்ப் பாத்துப் பாத்துத்தான் எடுத்தேன்."

ஆபீஸுக்குள்ளிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இதோ வருகிறேன் என்று கை காட்டினான்.

"வந்து சொன்னீங்களே, யாருங்க இப்படிச் சொல்லுவா" என்றான். "அம்மாகிட்ட நான் பேசறேன். நீங்க கவலைப்படாம போங்க."

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட நடந்து வந்து, சோடா வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுப் போனான். அந்த வாரம் முழுவதும் அக்னஸ் தரையில் நடக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளை அதட்டவில்லை. காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போது, வழக்கமாகக் கழுத்து யாருக்கும் தெரியாமலிருக்க இடது ஜன்னலோர சீட்டைத் தேடுகிறவள், கிடைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவன் வந்து சொல்லட்டும் என்று இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காலை ஆகாரம் ஆகிக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல், அம்மா, தாய்மாமன், பிலோமின்ராஜ் மூன்று பேரும். அற்புதசாமி பனியனோடு இருந்தவர் அவசரமாகச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பகலிலும் திரை போட்டிருந்ததால் ஹால் இருட்டாக இருந்தது. அவர் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டு போனார்.

"லைட்டு வேணாங்க" என்றாள் பிலோமின்ராஜின் அம்மா. "லைட்டு போட்டுத்தானே எங்களை ஏமாத்தினீங்க."

சாப்பாட்டு அறை வாசலில் நின்றுகொண்டிருந்த அக்னஸுக்கு, தான் பொன்மலையில் சொன்ன வார்த்தைதான் இங்கே வந்திருக்கிறது என்று தெரிந்தது. கழுத்தைப் பற்றிச் சொன்னவன் விளக்கைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். அவனைப் பார்த்தாள். அவன் மொசைக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அற்புதசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாள் விடவில்லை.

"ஆண்டவர் குடுத்ததுக்கு யாரு என்ன பண்ண முடியும். உங்க பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்லை. அது வந்து உண்மையைச் சொல்லிட்டுப் போச்சு, மகராசி. ஆனா எங்க வம்சத்துல நான் எப்படிங்க இதைக் கொண்டு வருவேன். சொந்தக்காரங்களுக்கு எல்லாம் பொண்ணு முடிஞ்சுதுன்னு சொல்லியாச்சு. வேற எடம்னு அலையவும் எனக்குத் தெம்பு இல்லை. குடும்பம் நல்ல குடும்பம். சின்னவளைக் குடுத்துடுங்க."

தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரம் இல்லை" என்றார்.

அப்பா கோபப்படுவார், எழுந்து வெளியே போங்கள் என்பார் என்று அக்னஸ் காத்திருந்தாள். அவர் எழுந்தார். ஜன்னலண்டை போனார். திரையின் ஓரத்தைப் பிடித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரைக்கும் முழுக்க விலக்கிவிட்டார். காலை வெயில் ஹாலுக்குள் வந்து விழுந்தது. அடுத்த ஜன்னலுக்கும் போய் அதேபோல் செய்தார்.

"லூர்து, இங்க வாம்மா" என்றார்.

கொடுமை செய்கிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை அவர். ஒரு மெஷின் நின்றுபோனால் வேலை நிற்காமல் அடுத்த மெஷினை ஓட்டுகிற சூப்பர்வைசரின் கை அது. அக்னஸுக்கு அது புரிந்தது. புரிந்ததனால் வலி குறையவில்லை.

லூர்துராணி சமையலறையில் இருந்தாள். தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. அக்னஸ் உள்ளே போய் அவளைப் பார்த்தாள். மாட்டேன் என்று இவள் சொல்லிவிடுவாள் என்று அந்தக் கணம் வரைக்கும் நம்பினாள்.

லூர்துராணி அக்காவின் கண்ணைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு மட்டும் வயசு அப்படியே நிக்குமாக்கா? உன்னைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாங்க. நான் ஏதாவது சொல்லியிருப்பேனா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"தலை ஈரமா இருக்கு. பின்னிவிடறியா?"

"நீயே பின்னிக்க" என்றாள் அக்னஸ்.

லூர்துராணி பின்னிக்கொள்ளவில்லை. கூந்தலை அப்படியே அள்ளிக் கோடாலி முடிச்சாகப் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனாள். வெயிலில் நின்றாள். அவளுக்கு அம்மாவின் நிறம், மாசு மறு இல்லாத முகம். பிலோமின்ராஜின் அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உக்காரும்மா" என்றாள்.

அவர்கள் போன பிறகு அற்புதசாமி சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். ஆறிப்போன இட்லியைத் தள்ளி வைத்தார்.

"நீதான் போய்ச் சொன்னியா?"

"ஆமாப்பா."

"ஏன் சொன்னே?"

"அவரு வீட்டுல டியூப் லைட்டுப்பா. எத்தனை நாளைக்கு மறைக்கிறது?"

"கல்யாணம் ஆனப்புறம் தெரிஞ்சா என்ன பண்ணியிருப்பான்? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பான். அப்புறம் பழகிப் போயிருக்கும். நான் ஒவ்வொண்ணா யோசிச்சு யோசிச்சுச் செஞ்சதை ஒரு நிமிஷத்துல கெடுத்துட்டியே." அவருடைய கண் கலங்கியது. அக்னஸ் அதுவரை அப்பா அழுது பார்த்ததில்லை. அவர் அழுதது தன்மேல் உள்ள பாசத்தாலா, வேலை பாழாய்ப்போன வருத்தத்தாலா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வியாகுலம்மாள், "விடுங்க. ஒருத்திக்காவது விடிஞ்சுதே" என்றாள்.

பிலோமின்ராஜ் ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஸ்ரீரங்கத்துக்கு வந்து வாசலில் நின்றான். பிள்ளைகள் எல்லாம் ஓடி முடியும் வரைக்கும் ஓரமாகக் காத்திருந்தான்.

"அம்மா பேச்சை மீற முடியலைங்க. அவங்க சாப்பிடாம படுத்துட்டாங்க. நீங்க என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

"மீறச் சொல்லி நான் கேக்கலையே" என்றாள் அக்னஸ். "வேணாம்னு சொல்லிட்டு வேற எடத்துல பாத்திருக்கலாம் நீங்க. எங்க வீட்டுக்கே வந்து, என் தங்கச்சிக்காக உக்காராம இருந்திருக்கலாம்."

அவள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்தாள். இந்த மனிதன் நாளைக்குத் தங்கை புருஷனாக வீட்டுக்கு வருவான், இவனை முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், கிறிஸ்துமஸுக்குச் சாப்பாடு பரிமாற வேண்டும் என்று நினைத்தபோது நடையை எட்டிப் போட்டாள்.

வெற்றிலை மாற்றுகிற நாள் நெருங்கியபோது சம்பந்தியம்மாளிடமிருந்து சேதி வந்தது: ஹாலில் வெளிச்சம் போதாது, உறவுக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், நல்ல விளக்காகப் போட்டால் தேவலை. அற்புதசாமி சனிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கணம் தயங்கி நின்று, "தாஜுதீன் கடைக்குப் போறேன். நீ வந்தாத்தாம்மா சரியா இருக்கும். உனக்குத்தான் அதெல்லாம் நல்லாத் தெரியுது" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் நூறு வாட்ஸ் கண்ணாடி பல்பு வாங்கிட்டு வாங்கப்பா" என்றாள் அக்னஸ். "பாத்து எடுக்கறதுக்கு என்ன இருக்கு. மறைக்க வேண்டியது ஒண்ணும் இல்லையே."

அவர் பிறகு தனியாகவே போய் வாங்கி வந்தார். நாற்பதுக்காகச் செய்த கிண்ணங்களில் நூறு வாட்ஸ் எரிந்ததில் அன்றைக்கு ஹால் அடுப்பாகக் கொதித்தது. வந்தவர்கள் எல்லாம் புழுங்குகிறது என்று சொல்லி விசிறிக்கொண்டார்கள். அக்னஸ் அதைச் சமையலறையிலிருந்துதான் கேட்டாள். "நீ உள்ளேயே இரும்மா, வெளிய வந்தா சங்கடமா இருக்கும்" என்று அப்பா காலையிலேயே சொல்லியிருந்தார். "யாருக்குப்பா?" என்று கேட்டபோது அவர் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

கல்யாணம் சித்திரையில் நடந்தது. கோயிலில் அக்னஸ் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டையும் பாடினாள். லூர்துராணி மந்திரித்த தாலியோடு திரும்பி நடந்து வரும்போது அக்காவைத் தேடிப் பார்த்து அழுதாள். அக்னஸ் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

மே மாதத்தில் அவள் மணப்பாறையில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப்போட்டாள். இடம் கிடைத்தது. அங்கேயே டீச்சர்கள் தங்க அறையும் இருந்தது. ஜூன் முதல் வாரத்தில் அற்புதசாமி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அவள் வாங்கிக்கொள்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. பெட்டியை பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டவைத்து, ஜன்னலோர சீட்டில் அவளை உட்காரவைத்து, கீழே இறங்கி ஜன்னலுக்கு வெளியே நின்றார். வெயில் அவளுடைய இடது பக்கத்தில் அடித்தது. அவர் வேறு எங்கோ பார்த்தார்.

"உன் நல்லதுக்குத்தான்மா எல்லாம் செஞ்சேன்" என்றார்.

"தெரியும்ப்பா. அதனாலதான் உங்களைத் திட்டக்கூட முடியல."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அற்புதசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், பஸ் நகர்ந்தபோது கூடவே சில அடி நடந்தார்.

"லீவுக்கு வந்துடும்மா."

"பாக்கலாம்ப்பா" என்றாள்.

அந்த வருஷம் பரீட்சை லீவுக்கு அவள் வரவில்லை. அடுத்த வருஷம் லூர்துராணியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று அம்மா சொல்லி அனுப்பியபோது வந்தாள். கோயிலில் பிள்ளையைக் கையில் வாங்கி, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராமல் அங்கிருந்தே மணப்பாறை பஸ் ஏறினாள்.